லைம்லைட்டுக்கு ஒரு வாக்கியம்

ஜூன் 4

அன்புள்ள வாலு,

உன் நம்பருக்குப் போன் போட்டால் யாரோ ஒரு பெண் எடுத்து, "மேடம் பேட்டியில இருக்காங்க, நீங்க எந்த சேனல்?" என்கிறாள். "எந்த சேனலும் இல்லம்மா, நான் அவளோட அக்கா" என்றேன். "அக்கான்னு சொல்லிக்கிட்டு இன்னைக்கு மட்டும் நாலு பேர் பேசிட்டாங்க" என்று வைத்துவிட்டாள். நம் அம்மா பெற்றது நம் இரண்டு பேரைத்தான் என்று அந்தப் பெண்ணுக்கு யார் எடுத்துச் சொல்வது? அதனால்தான் கடிதம். தபால்காரராவது எந்த சேனல் என்று கேட்க மாட்டார்.

அன்றைக்கு ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். டிவியில் ஒரு துணிக் கிடங்கு எரிகிறது. மொட்டைமாடியில் ஆறு பேர் மாட்டிக்கொண்டு கையை ஆட்டுகிறார்கள். பக்கத்தில் பாதி கட்டி நிற்கும் கட்டடத்தின் கிரேன் மெல்லத் திரும்பி, செங்கல் தூக்கும் இரும்புக் கூடையை அவர்கள் நடுவே இறக்குகிறது. இரண்டிரண்டு பேராக ஆறு பேரும் தரைக்கு வந்து சேர்ந்த பிறகு, கிரேனை ஓட்டியது ஒரு பெண் என்று உன்னைக் காட்டினார்கள். என் டீயெல்லாம் புடவையில். "யார் பெத்த பொண்ணோ, மகராசி" என்றார் எங்கள் கணக்கர். "எங்கம்மா பெத்த பொண்ணு" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. நான் உட்கார்ந்து அழுத அழுகையைப் பார்த்துத்தான் நம்பினார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்கக் கூடாது. எங்கள் ஆங்கில–தமிழ் அகராதி ஒருவழியாக 'எல்' எழுத்துக்கு வந்திருக்கிறது. என் பங்குக்கு வந்த சொற்களில் ஒன்று லைம்லைட். அந்தக் காலத்து நாடக மேடையில் சுண்ணாம்புக் கட்டியைத் தீயில் பழுக்கக் காய்ச்சுவார்களாம். அது கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை வெளிச்சம் கொடுக்கும். அதை ஒரே ஒரு நடிகர்மேல் விழும்படி திருப்புவார்கள். அந்த மேடையும் விளக்கும் போய்விட்டன. சொல் மட்டும் தங்கி, பத்திரிகையும் டிவியும் ஒருவர்மேல் வைக்கிற கண்ணுக்குப் பெயராகிவிட்டது. 'லைம்லைட்டுக்கு வந்தார்', 'லைம்லைட்டைத் தட்டிக்கொண்டு போனார்' என்று நாமே தமிழில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். பொருள் எழுத உட்கார்ந்தால்தான் பேனா ஓடவில்லை. பக்கத்து மேஜைக்காரர் 'புகழ்' என்று போட்டு வேலையை முடி என்கிறார். திருடி மாட்டிக்கொண்டவனும்தான் லைம்லைட்டில் இருக்கிறான். அதைப் புகழ் என்று யார் சொல்வார்கள்?

எங்கள் ஆசிரியர் போட்டிருக்கும் சட்டம் உனக்குத் தெரியும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். அதை நாங்களாக இட்டுக்கட்டக் கூடாது. யாரோ ஒரு மனுஷர் நிஜமாகவே சொன்னதாகவோ எழுதியதாகவோ இருக்க வேண்டும். லைம்லைட்டில் நிற்கிற ஆள் உன்னைவிட்டால் எனக்கு வேறு யாரைத் தெரியும்? எப்படி இருக்கிறது என்று பொய் சொல்லாமல் எழுது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதையும் எழுது.

அன்புடன்,
அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

சின்ன வயதில் சண்டை வந்தால் உன்னை 'அகராதி பிடிச்சவளே' என்று திட்டுவேன். நீ அதையே பிழைப்பாக்கிக்கொண்டாய். நான் செத்துப் பிழைத்து வந்திருக்கிறேன், நீ வாக்கியம் கேட்கிறாய். நன்றாயிரு.

எப்படி இருக்கிறது என்றால், எரிச்சலாக இருக்கிறது. தீ அணைந்த நாளிலிருந்து கம்பெனி என்னைக் கிரேனில் ஏறவிடவில்லை. போனைப் பிடுங்கி, உன்னிடம் பேசினாளே, அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். அவள்தான் எனக்குப் பவுடர் போடுகிறாள், எந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு சேனலில் பலகையால் கிரேன் கேபின் மாதிரி செய்து அதில் உட்காரவைத்தார்கள். லீவர் தப்பான பக்கத்தில் இருந்தது. சொன்னேன். "டிவில அப்படித்தான் மேடம் நல்லா இருக்கும்" என்றார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். கொடிக்காரர் என்னோடு பேசமாட்டேன் என்கிறார்.

நான் உன்னிடம் ஓயாமல் சொல்வேனே, என் சிக்னல்மேன். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கொக்கி எங்கே இறங்குகிறது என்று சரியாகத் தெரியாது. கீழே ஒருவர் நின்று காட்ட வேண்டும். மற்ற இடங்களில் வயர்லெஸ்ஸில் பேசுகிறார்கள். இவர் மட்டும் கையில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு சின்னக் கொடி வைத்திருப்பார். "வயர்லெஸ் கொரகொரங்கும், நான் ஒண்ணு சொல்லுவேன், உனக்கு ஒண்ணு கேக்கும். கொடி கொரகொரங்காது" என்பார். ஒன்பது வருஷமாக அவர் கொடி அசையாமல் நான் ஒரு செங்கல்லைக்கூட அசைத்ததில்லை. அதுதான் எங்களுக்குள் சட்டம்.

அன்றைக்குப் புகை மறைத்ததில் எனக்கு அந்த மொட்டைமாடியே தெரியவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? எங்கள் கட்டடத்தில் சுவர் எழும்பாத ஆறாவது மாடிக்கு ஓடினார். தீயைப் பார்த்த பக்கம், விளிம்பில் போய் நின்றார். அங்கிருந்து அவருக்குக் கூடையும் தெரிந்தது, நானும் தெரிந்தேன். எனக்கு அவருடைய கொடி மட்டும் தெரிந்தது. கடைசி ஆள் இறங்கும்வரை அந்தப் புகையைக் குடித்துக்கொண்டு நின்றுவிட்டு அங்கேயே விழுந்தார். ஒரு வாரம் ஆஸ்பத்திரி. இப்போது வீட்டில் இருக்கிறார். வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்றாம்.

மூன்று தடவை அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று தடவையும் அவர் மனைவி, "தூங்கறாரும்மா" என்றார்கள். மூன்றாவது தடவை நான் கதவைத் தட்டியதும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது. நேற்று ஆபீசில் சொல்கிறார்கள், அடுத்த மாதம் பத்தாம் தேதியிலிருந்து வேறு சைட்டுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அவர் போய்விட்டால் நான் மேலே ஏற மாட்டேன் அக்கா. வீம்பில்லை, பயம். வேறு யார் கொடிக்கும் என் கை கேட்காது.

அவர் பெயரை நான் எல்லாப் பேட்டியிலும் சொன்னேன். எல்லாரும் வெட்டிவிட்டார்கள். கேட்டால், "கதைக்கு ஒரு ஹீரோயின் போதும் மேடம்" என்கிறார்கள். அந்தக் கோபம் அவருக்கு. நியாயம்தான். ஆனால் அதற்கு நான் என்ன செய்வேன்? உன் நாடக மேடையில் விளக்கைப் பிடித்துத் திருப்ப ஒருத்தன் இருந்திருப்பானே, அவனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும்.

வாக்கியம் கேட்டாயே, எழுதிக்கொள்: 'லைம்லைட்டில் நிற்கும்போது எனக்கு எதிரில் ஒரு முகமும் தெரியவில்லை.' நிஜமாகவே தெரிவதில்லை. அந்த விளக்குகள் அப்படிக் கண்ணைக் குத்துகின்றன.

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். பாராட்டு விழாக்களில் வேறு என்ன வேலை?

வாலு


ஜூன் 20

அன்புள்ள வாலு,

உன் வாக்கியத்தை ஆசிரியரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் தடவை படித்தார். அவர் அப்படிச் செய்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு மேல் எழுதுவதை இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். எழுதாமல் இருந்தால் நிம்மதி, ஆனால் மனசு கேட்கவில்லை.

லைம்லைட் என்ற சொல்லை ஜனங்கள் எப்படியெல்லாம் புழங்குகிறார்கள் என்று பார்ப்பதற்காக, கையில் பேனாவோடு உன் பேட்டிகள் எல்லாவற்றையும் கேட்டேன். எங்கள் வேலையே அப்படி. ஒருவர் என்ன சொல்ல வந்தார் என்று பார்க்க மாட்டோம், எந்தச் சொல்லைச் சொன்னார் என்று பார்ப்போம். ஒரு சொல் எல்லாப் பேட்டியிலும் வந்தது. அது லைம்லைட் இல்லை. நீ ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய இப்படிச் சொல்லியிருக்கிறாய்: "அதெல்லாம் பெரிய விஷயம் இல்லீங்க. புகையில ஒண்ணுமே தெரியல. ஏதோ குத்துமதிப்பா இறக்கினேன், நல்லபடியா முடிஞ்சிருச்சு."

ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாதா? நம் வளர்ப்பு அது. சமையல் பிரமாதம் என்று யாராவது சொன்னால், "ஏதோ இருக்கறதை வச்சுப் பண்ணினேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா மறுகரண்டி பரிமாறுவாள். புகழ்ந்தால் கூச்சம், கூச்சம் வந்தால் நம்மை நாமே மட்டம் தட்டிக்கொள்வோம். சேனல்காரர்களுக்கு அது அல்வா மாதிரி. ஒருவன் 'குத்துமதிப்பில் ஆறு உயிர்' என்று தலைப்பே வைத்திருந்தான்.

ஆனால் கொடிக்காரர் காதால் ஒரு தடவை கேட்டுப்பார். நெஞ்சு நிறையப் புகையோடு விளிம்பில் நின்று அவர் அடி அடியாக அளந்து காட்டியிருக்கிறார். நீ டிவியில் அதைக் குத்துமதிப்பு என்கிறாய். உன்னைத் தாழ்த்திக்கொள்வதாக நினைத்துக்கொண்டு அவரை இல்லாமலே ஆக்கிவிட்டாய். அவர் பெயரை வெட்டியது சேனல்காரன். இதைச் சொன்னது நீ.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நீ ஒரு சொல்லை மேஜைமேல் போட்டுப் பதினைந்து நாள் புரட்டிப் பார்க்கலாம். சம்பளமும் கொடுப்பார்கள். எனக்கு வாய்க்குள் மைக்கைத் திணித்துவிட்டு, "சீக்கிரம் மேடம், அடுத்து விளையாட்டுச் செய்தி" என்றார்கள். அந்த நேரத்தில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உனக்குப் போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டுமா? போனும் என்னிடம் இல்லை.

ஊரெல்லாம் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. கூடப் பிறந்தவள் பேனாவை எடுத்துக்கொண்டு பிழை திருத்துகிறாய். நான் அவரை இல்லாமல் ஆக்கினேனாம்! அவர் வீட்டு வாசலில் மூன்று தடவை நாய் மாதிரி நின்றவள் நான். நீயா நின்றாய்?

என் வாக்கியத்தைத் திருப்பிக் கொடு. உன் அகராதியில் நான் இருக்க வேண்டாம்.

அந்தப் பேட்டியை அவர் பார்த்தாரா இல்லையா என்றே நமக்குத் தெரியாது. அதையும் யோசித்தாயா?

வாலு


ஜூன் 27

வாலு,

வாக்கியத்தை எடுத்துவிட்டேன். லைம்லைட்டுக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது. ஆசிரியர் கேட்டார். சொன்னவர் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார் என்றேன். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை என்று விழித்தார்.

நான் எழுதிய விதம் தப்பு. உனக்கு எழுதுகிறேன் என்பதை மறந்து, அச்சுக்குப் போகிற பக்கத்தைத் திருத்துகிற மாதிரி எழுதிவிட்டேன். முதலில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவே இல்லை. அந்தக் கிரேன் புகைக்குள் போனபோது நீ திரும்பி வருவாய் என்று எனக்குத் தெரியாது வாலு. உள்ளே இருப்பது நீதான் என்றுகூடத் தெரியாமல் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நீ எனக்கு உயிரோடு இருக்கிறாய், அது போதும்.

ஆனால் எழுதிய விஷயத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு விருது கொடுக்கிறார்கள். டிவியில் வரும். நேரடி ஒளிபரப்பாம், எதையும் வெட்ட முடியாது என்று போன்காரப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பார்.

நேற்று மறுபடி அவர் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை அவர் மனைவி தூங்கறார் என்று சொல்லவில்லை. வாசலை மறித்து நின்றுகொண்டு கேட்டார்கள்: "ஏம்மா, ஒம்பது வருஷமா இவர் ஆட்டினதெல்லாம் உனக்குக் குத்துமதிப்புதானா?"

படி இறங்கி வந்துவிட்டேன்.

உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. நீ சொன்னது சரியாகப் போனதால் கொஞ்சம் கூடியும் இருக்கிறது.

வாலு


ஜூலை 6

அன்புள்ள வாலு,

என்னடி செய்தாய் மேடையில்?

நேற்று சாயங்காலம் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான். ஆசிரியர்கூட வந்தார். நீ வந்தாய், கேடயம் வாங்கினாய், கை தட்டினோம். "ரெண்டே ரெண்டு வார்த்தை" என்று மைக்கைக் கொடுத்தார்கள். நீ பேசியதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன், பழக்கதோஷம். "குத்துமதிப்பா இறக்கினேன்னு எல்லா டிவிலயும் சொன்னேங்க. அது பொய். ஒரு அடிகூட நானா நகர்த்தல. ஆறாவது மாடியில ஒருத்தர் நின்னு காட்டினார். எப்படிக் காட்டினார்னு பாருங்க."

அப்புறம் கேடயத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து இரண்டு கொடியை எடுத்தாயே! அழுக்கேறிய கொடி. ஒன்றை நீட்டினாய், நிறுத்தினாய், மற்றதை மெல்ல மெல்லத் தாழ்த்தினாய். ஏதோ நடனம் என்று நினைத்துச் சிலர் தாளம் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் அடங்கிவிட்டார்கள். அறிவிப்பாளர் பின்னால் வந்து, "மேடம், நேரம்..." என்றார். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் தடவை, இரண்டாம் தடவை என்று நீ விரலைக் காட்டியதால்தான் கூடை இறங்கிய கணக்கு என்று புரிந்தது. மூன்று என்று விரலை உயர்த்தினாய், டிவியில் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. அது முடிந்து பார்த்தால் மேடையில் யாரோ பாடிக்கொண்டிருந்தார். வெட்டத்தான் முடியாது, விளம்பரம் போட முடியும் போலிருக்கிறது.

எனக்கு அந்தச் சைகையில் ஒன்றுகூடப் புரியவில்லை. ஆனால் அழுகை நிற்கவில்லை. உன்னை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

லைம்லைட்டுக்குப் பொருள் எழுதிவிட்டேன்: 'ஊடகங்கள் ஒருவர்மேல் திருப்பும் பொதுமக்களின் கவனம்.' திருப்பும் என்ற சொல்லுக்காக ஆசிரியரோடு அரைநாள் சண்டை போட்டேன். அதைத் திருப்ப ஒரு ஆள் இருக்கிறான் என்று நீ எழுதியிருந்தது மனசில் இருந்தது. வாக்கியத்துக்குத்தான் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவர் பார்த்தாரா? உடனே எழுது.

அக்கா


ஜூலை 9

அக்கா,

என் வாக்கியத்தை எடுத்துப் போட்டுக்கொள். தேட வேண்டாம்.

கம்பெனிக்கு என்மேல் செம கடுப்பு. விருது கொடுத்தவரை நிற்கவைத்துவிட்டுக் கொடியாட்டினேனாம். அடுத்த வாரம் இருந்த மூன்று பேட்டியும் ரத்து. போன்காரப் பெண் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், பாவம், அவளுக்கும் திட்டு விழுந்திருக்கும். உனக்குப் போன் போட்டிருக்கலாம். இதை வாயால் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை வேலையில் சேரச் சொன்னார்கள். போனேன். புது சிக்னல்மேன் ஒருவரை அனுப்பியிருந்தார்கள், நல்ல மனிதர். எனக்குத்தான் ஏணியில் கால் வைக்க வரவில்லை. ஏதேதோ சாக்குச் சொல்லிக் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. இவளுக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் எல்லாரும் கிளம்பும் நேரத்தில் கொடிக்காரர் கேட்டில் நுழைந்தார். ரொம்ப இளைத்துவிட்டார் அக்கா. சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. மாறுதல் உத்தரவை வாங்கிக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நேரே என்னிடம் வந்தார்.

"மூணாவது தடவையை நான் பாக்கல. விளம்பரம் போட்டுட்டான். எப்படிக் காட்டினே?"

வணக்கம் இல்லை, சௌக்கியமா இல்லை. இதுதான் கேட்டார். நான் பையிலிருந்து கொடியை எடுத்தேன். அவருடைய கொடிதான், அன்றைக்கு அவர் விழுந்த இடத்தில் கிடந்ததை எடுத்து வைத்திருந்தேன். மேடையில் காட்டியதை அப்படியே காட்டினேன். பச்சையைத் தாழ்த்தினேன், சிவப்பைத் தூக்கினேன், மறுபடி பச்சைக்கு வந்தேன். பாதியில் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"தப்பு. சிவப்பை அவ்வளவு சீக்கிரம் நான் எறக்கல. காத்து திரும்பிச்சு, கூடை ஆடுச்சு. உள்ள ரெண்டு பேர் இருக்காங்க. ஆடி அடங்கணுமில்ல? இங்க குடு."

வாங்கிச் சிவப்பைத் தூக்கிப் பிடித்தார். பிடித்துக்கொண்டே நின்றார். இருமல் வந்தது, கொடியை மட்டும் இறக்கவில்லை. அன்றைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, ஏன் இந்த ஆள் இவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கிறார் என்று பல்லைக் கடித்தது ஞாபகம் வந்தது. அந்தப் புகையில் இவ்வளவு நேரம் நின்றிருக்கிறார். நான் அதை மேடையில் ஒரு நொடியில் முடித்துவிட்டேன்.

"என்னை மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

அவர் காட்டுவதை நிறுத்தவில்லை. சிவப்பு இறங்கி, பச்சை மெதுவாகத் தாழ்ந்து தரையைத் தொடும்வரை முழுக்கக் காட்டி முடித்தார். அப்புறம் இரண்டு கொடியையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

"காலையில எட்டு மணிக்கு நான் இங்க நிப்பேன். டிவில கூப்பிட்டாங்க, அது இதுன்னு லேட்டா வந்தே, நான் வேற ஆபரேட்டரைப் பாத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் நான் ஏழு மணிக்கே மேலே ஏறி உட்கார்ந்துவிட்டேன் அக்கா.

வாலு